சுத்துவண்டிக்காரரின் எடப்பக்கம்

உலகத்தில் எத்தனையோ வண்டிக்காரர்கள் உண்டு. ஆனால் ஏறி உட்கார்ந்தவரைக் கிட்ட வழியில் கொண்டுபோய் விடுவதைப் பாவம் என்று நினைத்த வண்டிக்காரர் ஒருவர்தான். அவர் எங்கள் திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் ஜட்கா போட்டிருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. ஊருக்கு அவர் சுத்துவண்டிக்காரர்.

விஷயம் இதுதான். கிரிவலம் போகிறவர்கள் மலை வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடப்பார்கள். கோயிலில் கிளம்பி, செங்கம் ரோட்டில் எங்கள் வீடுகளைக் கடந்து, அடி அண்ணாமலை வழியாக மலையின் முதுகுப்பக்கம் சுற்றி, மறுபடி ஊருக்குள் வருவார்கள். பக்தர்களுக்கான இந்த முறையை நம் ஆள் ஜட்காவுக்கும் ஆக்கிவிட்டார். ஊருக்குள்ளிருந்து எங்கள் பகுதிக்கு வருவதென்றால் கவலையே இல்லை. அவருடைய குதிரை ராணி, வெற்றிலை மென்று முடிப்பதற்குள் வீட்டு வாசலில் இறக்கிவிடும். எங்கள் பகுதியிலிருந்து ஊருக்குள் போவதென்றால் தொலைந்தோம். வந்த வழியே திரும்பினால் மலை இடக்கைப் பக்கம் வந்துவிடுமாம். ஆகவே கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊருக்கு மலை முழுவதையும் சுற்றிக்கொண்டுதான் போவார். கூலி மட்டும் கிட்ட வழிக்கு உண்டானதுதான்.

"ஏங்க இப்படி?" என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார். ஒருவரிடம், செத்துப்போன அப்பா கனவில் வந்து சொன்னார் என்பார். இன்னொருவரிடம், ராணிக்கு இடது கண்ணில் பார்வை கம்மி என்பார். ராணியோ இரண்டு கண்ணாலும் எங்களை முறைத்துக்கொண்டு நிற்கும்.

அவர் மனைவி குழாயடியில் புலம்பியது இன்னும் நினைவிருக்கிறது. "பக்கத்து வூட்டுல பால் வாங்கிட்டு வான்னு அனுப்பிச்சா, அது வூடு வந்து சேர்றதுக்குள்ள தயிராயிடுதுங்க!"

எழுபதுகளின் நடுவில் நான் தாலுகா ஆபீஸில் புதுக் குமாஸ்தா. பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு காலை, வேறு வழியில்லாமல் அவர் வண்டியில் ஏறினேன். அடி அண்ணாமலையில் ராணிக்குத் தண்ணீர் காட்டினார். வழியில் ஒரு கிழவியை ஏற்றிக்கொண்டார். நான் ஆபீஸுக்குள் நுழைந்தபோது எல்லோரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்கள். அதிகாரி என் நெற்றியை ஒரு முறை பார்த்தார். "கிரிவலம் போனவன் விபூதியாவது கொண்டாரக் கூடாதாய்யா?" என்றார்.

ஒரு வெள்ளைக்காரர் கதை இதைவிடப் பெரிது. ஆசிரமத்தில் தங்கியிருந்துவிட்டு, மெட்ராஸ் பஸ்ஸைப் பிடிக்க மூட்டையோடு ஏறினார். நம்மாள் வழக்கம்போல் சுற்றினார். பஸ் போய்விட்டது. வெள்ளைக்காரர் அடிக்கப்போகிறார் என்று நாங்கள் நினைக்க, அவர் கண்ணீர் வடித்துக்கொண்டு இவரைக் கட்டிப்பிடித்தார். தன்னை ஊரைவிட்டு அனுப்ப மலைக்கு மனசில்லை என்று புரிந்துகொண்டாராம். மறுபடி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆசிரமத்துக்கே வந்துவிட்டார். இந்த முறை கிட்ட வழி!

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கும் ஒரு நாள் வந்தது. ஐப்பசி அடைமழை. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அக்காவுக்கு மத்தியானம் வலி எடுத்தது. பக்கத்து வீட்டு நர்ஸம்மா வந்து பார்த்ததும் முகம் மாறினார்.

"கொழந்த தல இன்னும் திரும்பலமா. இங்க வெச்சுப் பாக்க முடியாது. ஆஸ்பத்திரிக்கு உடனே போங்க, லேட் பண்ணாதீங்க."

பஸ் நின்றுபோயிருந்தது. டாக்சி தேடி ஊருக்குள் போன அப்பா திரும்பவில்லை. நான் மழையில் புளியமரத்தடிக்கு ஓடினேன். இருந்தது ஒரே வண்டி. யார் வண்டி என்று சொல்லவும் வேண்டுமா?

"அண்ணா! அக்காவுக்கு வலி. ஆஸ்பத்திரிக்குப் போணும். கிட்ட வழியில வாண்ணா!"

அவர் மலை இருக்கும் திசையைப் பார்த்தார். உச்சி முதல் அடிவரை மேகம்.

"மலையே தெரியலியேண்ணா! இன்னிக்கு இன்னா வலது, எடது?"

"நமக்குத் தெரியல தம்பி. அவருக்கு நம்மளத் தெரியுது இல்ல?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டிலிருந்து அக்கா போட்ட அலறல் மழையைக் கிழித்துக்கொண்டு வந்தது. அவர் விருட்டென்று எழுந்தார்.

"நீ லகானப் புடி. நான் திரும்பி உக்காந்துக்குறேன். நான் மேக்க பாத்து உக்காந்தா மலை என் வலக்கைப் பக்கம்தானே? வண்டி எந்தப் பக்கம் போனா எனக்கு இன்னா? ஓட்டுறது நீ. பாவம் வந்தா உனக்கு."

சட்டம் படித்தவர்களுக்குக்கூட இப்படி ஒரு யோசனை வராது. அக்காவை உள்ளே படுக்க வைத்து, அம்மா தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் லகானோடு முன்னால். வண்டிக்காரர் என் பக்கத்தில், குதிரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அம்மா பதறினாள்.

"யோவ்! பொம்பளைங்களப் பாத்துக்கினு உக்காந்திருக்கியே, அறிவு இருக்குதா உனக்கு?"

"தோ, மூடிக்கினேன் மா!" துண்டை எடுத்துத் தலையோடு முக்காடு போட்டுக்கொண்டார். ஆக, குதிரையைத் தொட்டே அறியாத நான் ஓட்ட, கண்ணை மூடிய ஒருவர் எனக்கு வழி சொல்ல, வண்டி புறப்பட்டது.

"எதிர்ல இன்னா வருது தம்பி?"

"மாட்டு வண்டிண்ணா!"

"லகான லேசா இழு. லேசான்னா லேசாடா, அது வாயி, கிணத்துக் கயிறு இல்ல!"

கொஞ்ச தூரம் போயிருப்போம். ரோட்டின் குறுக்கே மழைத்தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ராணி நின்றுவிட்டது. நான் அதட்டினேன், கெஞ்சினேன். அது காதை ஆட்டியது. பிறகு நிதானமாக, தானாகவே, வந்த பக்கம் திரும்ப ஆரம்பித்தது. இத்தனை வருஷம் அவர் பழக்கிய பழக்கம் வேறு எப்படி இருக்கும்?

"அண்ணா, திரும்புதுண்ணா!" என்று கத்தினேன். உள்ளே அக்காவின் குரல் கம்மிப்போயிருந்தது. "அம்மா, என்னால முடியல" என்று மட்டும் கேட்டது.

 முக்காட்டுத் துண்டு கீழே விழுந்தது. அவர் திரும்பி உட்கார்ந்தார், கிழக்கே பார்த்து.

"நகரு தம்பி."

லகானை என் கையிலிருந்து வாங்கினார். "போடி கண்ணு, இன்னிக்கு ஒரு நாளு" என்றார். ராணி தண்ணீருக்குள் இறங்கியது. அப்படி ஒரு ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வழி நெடுக மலை எங்கள் இடக்கைப் பக்கம். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்டாரோ, சண்டை போட்டாரோ, எனக்குத் தெரியாது. அம்மாவும் அக்காவும் இதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை.

ஆஸ்பத்திரிக்குள் போன கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. இன்னும் சற்றுத் தாமதமாகியிருந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்றார் டாக்டரம்மா. நான் வெளியே ஓடிவந்தேன். அவர் மழையில் நின்று ராணியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் சொகமா?"

"சொகம்ணா. பொண்ணு."

முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். அது முழுக்க மழைத்தண்ணீர் இல்லை. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, வண்டிய ஓட்டுனது நீதான்."

"ஆமாண்ணா."

"நான் திரும்பித்தான் உக்காந்திருந்தேன்."

"முக்காடு போட்டுக்கினு."

"ஹாங்!"

மறுநாள் முதல் டீக்கடையில் அந்தக் கதைதான். திரும்பி உட்கார்ந்த விதத்தைப் பெஞ்சில் ஏறி நடித்தே காட்டுவார். "வேணும்னா தம்பியக் கேளு!" என்று என்னை இழுப்பார். நான் தலையாட்டுவேன். மலையை ஒரு தடவைகூட இடக்கைப் பக்கம் விடாத மனிதர் என்ற பெயர் அவருக்குக் கடைசிவரை நிலைத்தது. அப்புறமும் பழைய கதைதான்: ஆபீஸுக்குப் போக ஏறினால் சாப்பாட்டு நேரத்தில்தான் இறக்கிவிடுவார்.

அக்கா மகள் லீவுக்கு வரும்போதெல்லாம் புளியமரத்தடியிலிருந்து குரல் வரும். "ஏ எடப்பக்கம்! வா, ஏறு, ஒரு சுத்து போலாம்!" அவளும் சிட்டாகப் பறப்பாள். அம்மாவுக்கு எரிச்சலாக இருக்கும். "லட்சணமா பேரு வெச்சிருக்கோம், இது இன்னாய்யா எடப்பக்கம்?" என்பாள். "அது எனக்கும் மலைக்கும் உள்ள பேச்சு மா" என்பார் அவர், என் பக்கம் பார்க்காமல்.

எண்பதுகள் முடிவதற்குள் ஜட்காக்கள் போய்விட்டன. அவரும் போய்ச் சேர்ந்தார். அக்கா மகள் இன்றும் போனில் கேட்பாள், "மாமா, அந்தத் தாத்தா என்னை ஏன் அப்படிக் கூப்பிட்டாரு?" என்று. நான் ஏதாவது மழுப்பிவிடுவேன்.

இதைப் படித்தால் தெரிந்துகொள் கண்ணு. அந்த மனுஷன் தன் ஆயுசில் மலைக்கு இடக்கையைக் காட்டியது ஒரே ஒரு தடவை. அது உனக்காக.