என்னைத் தமிழ்லயே திட்டிட்டான்!

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். கல்யாணத்துக்கு இரவல் வாங்கின அண்டாவை ஓசூர்ல இருக்கிற மச்சான் வீட்டுல திருப்பிக் குடுக்கணும்.

மச்சான்னா என் வீட்டுக்காரியோட அண்ணன். அண்டான்னா பித்தளை அண்டா. உள்ள உக்காந்து குளிக்கலாம்! கூடவே அவரோட மைசூர்த் தலைப்பாகை, சரிகை போட்டது. அதையும் குடுக்கணும்.

"தலைப்பாகை நசுங்குச்சுன்னா எங்கண்ணன் என்னைத்தான் கேப்பாரு"ன்னா வீட்டுக்காரி.

ரெண்டு கையிலயும் அண்டா. தலைப்பாகையை எங்க வைக்கிறது? தலையில வெச்சுக்கிட்டேன். இதுல என்ன தப்பு, நீங்களே சொல்லுங்க! அத்தனை கூத்துக்கும் அதுதான் காரணம்.

ஐம்பதுகள்ல கிருஷ்ணகிரியிலேர்ந்து ஓசூருக்கு பஸ்ஸே கொஞ்சம்தான். ஒண்ணை விட்டா சாயங்காலம்தான் அடுத்தது. கூட்டம் பிதுங்குது. நானும் அண்டாவும் படியில சிக்கிக்கிட்டோம். நமக்கும் உடம்பு கொஞ்சம் தாராளம்.

கண்டக்டர் முனியப்பா என்னைப் பாத்தான். அண்டாவைப் பாத்தான். கூரை மேல மூட்டை கட்டிட்டிருந்த கிளீனரைப் பாத்துக் கத்தினான்.

"இங்க ரெண்டு அண்டா நிக்குது! எதை மேல ஏத்தறதுன்னு நீயே வந்து பாத்துச் சொல்லு!"

பஸ்ஸே சிரிச்சுது. டிரைவர் ஸ்டீயரிங் மேல சாஞ்சு சிரிச்சார். யாரோ வெச்சிருந்த ஆடுகூட என்னைப் பாத்துச் சிரிச்ச மாதிரி இருந்துச்சு!

சூளகிரி தாண்டியும் எனக்கு ஆறலை. மடியில அண்டாவை வெச்சுக்கிட்டுப் பொருமிட்டே போனேன். ஓசூர்ல எறங்கினதும் மச்சான் வீட்டுக்கா போனேன்? அண்டாவைத் தூக்கிட்டு நேரா பஸ் முதலாளி ஷெட்டுக்குப் போனேன்.

முதலாளி பொறுமையாக் கேட்டார். "சரி, எந்த பாஷையில சொன்னான்?"

"தமிழ்லதாங்க."

"உங்க வீட்டுல என்ன பாஷை?"

"தமிழ்தாங்க."

மனுஷன் எந்திரிச்சு நின்னுட்டார். "தமிழ்க்காரரைத் தமிழ்லயே திட்டினானா! டேய், கூப்பிடுங்கடா அந்த முனியப்பாவை!"

எனக்கு ஒண்ணும் புரியலை. பக்கத்துல நின்ன டிரைவர்தான் வெளக்கினார். அந்த பஸ்ல அது ஒரு வழக்கமாம். தமிழ்க்காரரைத் தெலுங்குல திட்டுவாங்க. தெலுங்குக்காரரைக் கன்னடத்துல. கன்னடக்காரரைத் தமிழ்ல. எல்லாருக்கும் எல்லா பாஷையும் புரியும். ஆனா அடுத்த பாஷையில வாங்கின திட்டு மனசுல ஒட்டாதாம்! வாங்கிக்கிட்டு, சிரிச்சுட்டுப் போயிருவாங்களாம்.

முனியப்பா கையைப் பிசைஞ்சுட்டு வந்தான்.

"தலைப்பாகையைப் பாத்து கன்னடக்காரர்னு நெனச்சுட்டேன் சாமி! தமிழ்னு தெரிஞ்சிருந்தா மரியாதையாத் தெலுங்குல திட்டியிருப்பேனே!"

"வாயை மூடுறா, அறிவுகெட்ட கழுதை! என் பஸ்ல ஏறுறவங்களுக்கு மரியாதை முக்கியம்டா, தடிமாடு! பையைக் கழட்டி வெச்சுட்டு வீட்டுக்குப் போ!"ன்னார் முதலாளி.

முனியப்பா தோல் பையைக் கழட்டினான். கண்ணுல தண்ணி.

"அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம் சாமி. கண்டக்டர்னு சொல்லித்தான் பொண்ணு தர்றாங்க."

அவன் ஒரு மன்னிப்புக் கேட்டாப் போதும்னுதான் வந்தேன். வேலையை யார் கேட்டா?

"பரவாயில்லைங்க, விட்டுருங்க"ன்னேன்.

"அதெப்படி? பேசினா பேசினதுதான்!"

அதுக்குள்ள ஷெட் வாசல்ல நின்ன, திரும்பிப் போற பஸ்ல கூட்டம் ஏறிருச்சு. சேதி பரவிருச்சு. பூக்கூடையோட ஒரு அம்மா ஜன்னல் வழியாவே சண்டைக்கு வந்துச்சு.

"போன வாரம் என்னை எருமைன்னான். தெலுங்குல அழகாத்தான் சொன்னான். நான் என்ன கரைஞ்சா போயிட்டேன்? இந்த ஆளுக்காகக் கல்யாணப் பையன் வேலை போகணுமா?"

"தப்பு தப்புதாம்மா! வாய்க்கு வந்ததெல்லாம் பேசறதா?"ன்னு பின்சீட்டுலேர்ந்து ஒருத்தர். பஸ்ஸே ரெண்டு கட்சி ஆயிருச்சு!

"எல்லாம் சரி, பஸ்ஸை யார் பாத்துக்கறது?"ன்னார் டிரைவர்.

முதலாளி என்னைப் பாத்தார். "நீங்களே பையை மாட்டுங்க. கிருஷ்ணகிரிதானே போகணும்? மரியாதையா எப்படிப் பேசறதுன்னு இவனுங்களுக்கும் காட்டுங்க."

முடியாதுன்னு சொல்லியிருக்கணும். சொன்னேனா? அண்டாவை ஷெட்டுல ஓரமா எறக்கி வெச்சுட்டு, பையை மாட்டினதும் வெறப்பா வேற நின்னேன்!

"ஐயா, கொஞ்சம் உள்ள போங்க." யாரும் அசையலை.

"அம்மா, தயவுசெஞ்சு கூடையை நகர்த்துங்க." அந்தம்மா வேணும்னே இன்னும் அகலமா உக்காந்துச்சு.

ஒரு கோழி என் தலைப்பாகையில ஏறிருச்சு. ஒரு ஆடு என் வேட்டி நுனியை மெல்லுது. டிரைவர் ஹாரனை அடிக்கிறார். ரெண்டு கட்சியும் சேர்ந்து என்னைப் பாத்து, "ரைட் குடுய்யா!"ன்னு கத்துது. ரைட் எப்படிக் குடுக்கறது? படியை அடைச்சுக்கிட்டு ஒரு ஆள் குனிஞ்சு, கழண்டு விழுந்த செருப்பைத் தேடுறார். எனக்குத் தெரியறது அவரோட பின்பக்கம் மட்டும்தான்.

பொறுமை போச்சு. "யோவ்! பின்னாடியை நகர்த்துய்யா! உன் ஒருத்தன் சைஸுக்குத் தனி பஸ்தான் விடணும்!"

தமிழ்ல. சுத்தமான தமிழ்ல!

அந்த ஆள் மெதுவா நிமிர்ந்தார்.

மச்சான்!

அண்டா வந்து சேரலையேன்னு, வாங்கிட்டுப் போக அவரே கிருஷ்ணகிரிக்குக் கிளம்பி வந்திருக்கார். என் தோள்ல பையைப் பாத்தார். தன் தலைப்பாகை மேல கோழியைப் பாத்தார்.

முதலாளி ஓடி வந்து என் தோள்லேர்ந்து பையை உருவினார். "நீங்க அவனுக்கு மேல இருக்கீங்களே!"

"என் வாயே சரியில்லைங்க. அவனுக்கே குடுத்துருங்க, புண்ணியமாப் போகும்"னு கெஞ்சினேன். பூக்காரம்மா கை தட்டுச்சு.

முனியப்பா பையை மாட்டிட்டு வந்தான். மச்சான் கிட்டப் போய், நான் சொன்ன அதே பேச்சை, ஒரு எழுத்துக் குறையாம, தெலுங்குல சொன்னான்.

மச்சான் குலுங்கிச் சிரிச்சுட்டு வழி விட்டார்!

அடுத்த மாசம் முனியப்பா கல்யாணத்துக்குச் சோறு பொங்கினது அந்த அண்டாவுலதான். மச்சானே தூக்கிக் குடுத்தாராம்.

முனியப்பாவுக்குக் கண்டக்டர் வேலை அன்னிக்கே திரும்பக் கெடச்சிருச்சு. தமிழ்ல திட்டின எனக்குத்தான் மச்சான் வீட்டுல மாப்பிள்ளை வேலை இன்னும் திரும்பக் கெடைக்கலை.