காம்பும் சேர்த்து எடை

வாத் ஸித்ரா ஊரில் பரங்கிக்காய் வாங்குவது பொறுப்பான காரியம். முதலில் நகத்தால் தோலைக் கீறிப் பார்க்க வேண்டும்; நகம் இறங்கினால் பிஞ்சு. பிறகு விரல் முட்டியால் தட்ட வேண்டும். காலிப் பீப்பாய் மாதிரி சத்தம் வந்தால் முற்றல். கடைசியாகக் காம்பு. அது கட்டைபோலக் காய்ந்து, காயை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். காம்பு போன இடத்தின் வழியாகத்தான் அழுகல் உள்ளே குடியேறும்.

இதில் ஒன்றையும் செய்யாமல், தன் கோட்டுக்குப் பொருத்தமான நிறத்தில் ஒரு காயைச் சுட்டிக்காட்டியவர் நகராட்சிக் கட்டட அதிகாரி துஹாமி. வெள்ளிக்கிழமை குஸ்குஸுக்கு, அதாவது ஆவியில் வேகும் ரவைச் சாப்பாட்டுக்கு, அவர் வீட்டில் விருந்தாளிகள்.

கடைக்காரி மென்னானா அதே சந்தையில் பரங்கியைப் பத்தை போட்டு விற்க ஆரம்பித்து, தொண்டையாலேயே ஒரு வீடு கட்டியவள். காயைத் தூக்கித் தராசில் வைத்தாள்.

"காம்பை வெட்டிட்டு நிறு," என்றார் துஹாமி.

"காம்போடதான் ஐயா விலை."

"காம்பையா நான் திங்கப் போறேன்?"

"தலையை யாரும் திங்கிறதில்ல. அதுக்காக ஆட்டைத் தலையில்லாமலா ஓட்டிட்டு வர்றாங்க?"

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும் ஐயா. உங்களையும் இந்த ஊரு நாற்காலியோட சேர்த்துத்தான் நிறுக்குது."

பக்கத்துக் கடை முள்ளங்கிக்காரன் சிரித்துவிட்டான். அதுதான் வினை.

மறுநாள் காலை துஹாமி அவள் வீட்டு மொட்டைமாடியில் நின்றார். அங்கே வைக்கோல் பரப்பி, கூரைத் தகரத்தின் கீழ், ஒன்றையொன்று தொடாமல், குளிர்காலம் முழுக்க விற்க வேண்டிய பரங்கிக்காய்கள் உட்கார்ந்திருந்தன. அவளுடைய மொத்த முதலும் அதுதான்.

"காம்போடு இருப்பது பயிர்," என்று அரசாங்கக் குரலில் தொடங்கினார். "பயிர் இருக்கும் இடம் விளைநிலம். விளைநிலத்தில் வீடு இருக்கக் கூடாது. ஆகவே இந்த வீடு சட்டவிரோதமானது."

"வீடு எத்தனையோ வருஷமா இருக்கு. காய் போன மாசம்தான் ஏறுச்சு."

"அது வீட்டின் முன்யோசனைக் குறைவு. வரும் வெள்ளிக்கிழமைக்குள் காம்புகளை வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டை இடிக்க நேரும் என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

அவர் முகத்தில் வருத்தத்தை வலைபோட்டுத் தேடினாலும் கிடைத்திருக்காது.

"வெட்டித் தொலைச்சிடலாமே," என்றான் அவள் புருஷன் புவாஸ்ஸா.

"வெட்டினா பத்து நாள்ல அத்தனையும் கூழு. அப்புறம் எதை விக்கிறது, உன் மீசையையா?"

கத்தி எடுக்காமல் நேரே நகராட்சி அலுவலகம் போனாள். படியேறும்போதே கெட்ட வார்த்தைகளைச் சொல்லித் தீர்த்துவிட்டதால், உள்ளே அமைதியாகப் பேச முடிந்தது.

"ஐயா சொன்னது சரிதான். அது வீடு இல்ல. நிலம்."

"உணர்ந்ததற்கு நன்றி."

"நிலத்துக்கு எதுக்கு வீட்டு வரி?"

துஹாமி வாயைத் திறந்தார். பெரிய பெரிய சட்டப் புத்தகங்களையும் திறந்தார். விளைநிலத்துக்கு வீட்டு வரி எங்கேயும் இல்லை. அது விளைநிலம் என்ற உத்தரவில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது; போட்ட கையெழுத்தைத் தவறென்று சொல்வதைவிட ஊரையே வயல் என்று சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்தது.

"இல்லாத வீட்டை இடிக்கவும் முடியாதில்ல?" என்றாள் மென்னானா.

"முடியாது," என்றார் அவர், பல்வலிக்காரர் மாதிரி.

செய்தி அவளுக்கு முன்னால் சந்தைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வக்கீல், தையற்காரி, பல் மருத்துவர், எல்லோருக்கும் திடீரென்று வரியில்லாத மாடி விவசாயம் பிடித்துவிட்டது. காம்பு நீளமாக நீளமாக விலை ஏறியது. காயைத் தட்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. கல்யாணப் பேச்சில் பெண் வீட்டார் கேட்டார்கள்: "மாப்பிள்ளைக்கு மாடியில எத்தனை காம்பு?"

"வைக்கோல் போடணுமா?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மென்னானாவும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லிக்கொடுத்து அவள் வீடு கட்டவில்லை.

கடைசியில் வந்தவர் துஹாமி. குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஒண்ணு குடும்மா. காம்போட."

"வெட்டிட்டு நிறுக்கவா ஐயா?"

"வேணாம்."

அவள் காம்பும் சேர்த்து நிறுத்தாள். மெதுவாக, முள்ளங்கிக்காரன் பார்க்கிறானா என்று பார்த்துக்கொண்டு.

தன் வீடு நிலமாகவே இருக்க வேண்டும் என்பதற்காக நல்ல காய்களை விற்காமல் மாடியிலேயே நிறுத்திக்கொண்டாள். மற்றவர்கள் கைவசம் இருப்பது கெட்டதும் இன்னும் ஏற்றி விற்கலாம் என்பது உபரிக் கணக்கு.

வெள்ளிக்கிழமை வந்தது. ஊர் முழுக்கக் குஸ்குஸ் ஆவி பறந்தது. கொண்டைக்கடலை இருந்தது, வதக்கிய வெங்காயமும் திராட்சையும் இருந்தன. நடுவில், இலவங்கப்பட்டை வாசத்தோடு குழைந்து உட்காரவேண்டிய பரங்கிப் பத்தை மட்டும் எந்த வீட்டுத் தட்டிலும் இல்லை. எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள், பிறகு கூரையைப் பார்த்தார்கள்.

புவாஸ்ஸா கத்தியோடு எழுந்தான். "ஒரே ஒரு பத்தை."

"உக்காரு. அது காய் இல்ல, நிலம். நிலத்தை யாராவது வேக வைப்பாங்களா?"

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. மற்ற மாடிகளில் வெறும் சிமெண்டில் மூட்டையாகக் குவித்த காய்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நனைந்து, இளகி, வீடுகளுக்குள் இனிப்பாக ஒழுகத் தொடங்கின. மென்னானாவின் காய்கள் கல்லுப்போல இருந்தன. ஆனால் பக்கத்து மாடியில் வக்கீலின் விவசாயம் கரைந்து, பொதுச்சுவர் வழியாக அவள் கூரைக்குள் இறங்கியது. அடுத்த வெள்ளிக்கிழமை மஞ்சள் சொட்டு ஒன்று குஸ்குஸின் நடுவே விழுந்தது. புவாஸ்ஸா நக்கிப் பார்த்தான்.

"பரங்கிதான்," என்றான், நன்றியோடு.

ஊரே நகராட்சி வாசலில் கூடியது. தன் கோட்டில் மஞ்சள் வடியத் துஹாமி தீர்ப்பு வழங்கினார்: வீட்டுக்குள் சொட்டினால் அது ஒழுகல், ஆனால் வாத் ஸித்ராவில் வீடுகளே இல்லை. நிலத்துக்குள் இறங்கும் நீர் பாசனம். பாசன நிலத்துக்கு விளைச்சலின் எடைப்படி வரி உண்டு. அழுகியது கரைந்துவிட்டதால் எடையில் சேராது.

ஊர் முழுக்கக் கரையாமல் இருந்தது ஒரே ஒரு மாடிதான்.

மறுநாள் துஹாமி மென்னானாவின் மாடிக்கு ஏறினார். பின்னால் இரண்டு ஆட்கள் தராசைத் தூக்கிவந்தார்கள். தெருவில் முள்ளங்கிக்காரன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

மென்னானா முதல் காயைத் தராசில் வைத்தாள். கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகப் பணிவாகக் கேட்டாள்:

"காம்பை வெட்டிட்டு நிறுக்கலாமா ஐயா?"

"தாராளமா வெட்டு," என்றார் துஹாமி. "காம்பு போனா நிலம் போச்சு. நிலம் போனா இது வீடு. வீட்டு வரி, பழைய பாக்கியோட."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.