ஒரு புடி அரிசி வேணாம்னுட்டேன்

சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். பதுளை டவுன் மில்லுக்குப் போயி, மகனுக்கு சத்துமாவு அரைச்சிட்டு வரணும்.

பஸ்ல போயி பஸ்ல வர்ற வேலை. இதுல கெடுக்குறதுக்கு என்ன இருக்குன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

விஷயம் இதுதான். மகன் கவினுக்கு ஆறு மாசம் முடிஞ்சிருச்சு. பொண்டாட்டி சுகந்தி பாலர் பள்ளி டீச்சர். லீவு முடிஞ்சு திங்கக்கிழமை வேலைக்குப் போகணும். அதுக்குள்ள புள்ள ஏதாவது சாப்பிடப் பழகியாகணும். இவரோ கரண்டியக் கண்டாலே மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்குவாரு. வாயத் தொறக்க வைக்க பேங்க் பூட்ட ஒடைக்கிற ஆளத்தான் கூப்பிடணும்.

சுகந்தி பாமசியில ஒரு டின் வாங்கிட்டு வந்தா. டின்னு மேல மொழுமொழுன்னு ஒரு வெள்ளக்காரப் புள்ள சிரிச்சிக்கிட்டு இருந்துச்சு. சுடுதண்ணி ஊத்திக் கலக்குனா போதும், வேலை முடிஞ்சது.

எனக்கு வந்துச்சே ஒரு ரோஷம்!

"டின்னா? என் புள்ளைக்கு டின்னா? எந்த ஊர்ல எப்ப அரைச்சதோ! வீட்லயே மாவு செஞ்சுரலாம்!"

"யாரு செய்யிறது?"

"நான்!"

சுகந்தி என்னைய ஒரு பார்வை பாத்தா. "அப்ப இந்த டின்ன கடையில திருப்பிக் குடுத்துரவா?"

"குடுத்துரு! இந்த வீட்டு வாசப்படிய டின்னு தாண்டக்கூடாது!"

இவ்வளவு வீரம் எங்க இருந்து வந்துச்சுன்னா, யூடியூப்ல இருந்து. நான் டவுன்ல ஒரு போன் கடையில ரிப்பேர் வேலை பாக்குறேன். வேலை இல்லாத நேரம் பூரா வீடியோதான். அதுல ஒரு அக்கா சிவப்பரிசி, பயறு, கடலை, குரக்கன்ங்குற கேழ்வரகு எல்லாத்தையும் கழுவி, வெயில்ல காயவச்சு, வறுத்து, அரைச்சு, ரொம்ப லேசா முடிச்சிட்டாங்க.

அவங்க ஊர்ல வெயில் இருக்கு. எங்க தேயிலத் தோட்டத்துல அந்த வாரம் பூரா மழை.

லயத்து வீட்டு வாசல்ல பாய விரிச்சேன். மழை வந்துச்சு. ஓடிப்போயி எடுத்தேன். வெயில் வந்துச்சு. விரிச்சேன். திரும்ப மழை. மேல இருந்து யாரோ என்னைய பாத்துக்கிட்டே பைப்ப தொறந்து விட்ட மாதிரியே இருந்துச்சு.

கடைசியில ஈரத் தானியத்த பையில போட்டுக்கிட்டு கடைக்கே போயிட்டேன். அங்க போன் காயவைக்கிற சூட்டுக்காத்து மெஷின் இருக்குல்ல!

தண்ணியில விழுந்த போன அரிசிக்குள்ள போட்டு வைக்கிற ஆளுங்கள நீங்க பாத்திருப்பீங்க. ஈர அரிசிய போன் கடைக்கு கொண்டு வந்த மொத ஆளு நான்தான்.

மொதலாளி வந்து எட்டிப் பாத்தாரு. "என்னப்பா இது?"

"பயறு, மொதலாளி."

"தண்ணியில விழுந்துருச்சா?"

"இல்ல மொதலாளி. நான்தான் கழுவுனேன்."

அவரு என்னைய ஒரு தடவ, பயற ஒரு தடவ பாத்தாரு. பொறவு உள்ள போயிட்டாரு.

அன்னைக்கு சாயந்தரம் வறுத்தேன். பொகை கூரைக்கு மேல போயி, பக்கத்து காம்பரா செல்வி அக்கா வாளித் தண்ணியோட ஓடி வந்தாங்க. "நெருப்பு இல்லக்கா, சத்துமாவு"ன்னு சொன்னேன். "அது சரி, எதுக்கும் இது இங்கயே இருக்கட்டும்"னு வாளிய வச்சிட்டுப் போனாங்க.

ஆச்சு, சனிக்கிழமை வந்துருச்சு. மில்லுக்குப் போனேன்.

அது சின்ன மில்லு. மொளகா, மல்லி, அரிசி எல்லாத்துக்கும் ஒரே மெஷின்தான். உள்ள காலடி வச்ச ஒடனே மொளகா நெடி. தும்முனேன். தும்மிக்கிட்டே இருந்தேன். மூக்கு அடைச்சே போச்சு.

மெஷின்ல ஒரு அம்மாவுக்கு மொளகா அரைபட்டுக்கிட்டு இருந்துச்சு. கோயில் திருவிழா அன்னதானத்துக்காம். மூட்டை மூட்டையா இருந்துச்சு. அவங்களுக்குப் பின்னால மூணு பேரு பச்சரிசி வச்சிக்கிட்டு நின்னாங்க. கடைசியில நான்.

"என்ன தம்பி, என்ன அரைக்கணும்?"னு ஒருத்தரு கேட்டாரு.

"புள்ளைக்கு சத்துமாவுங்க. மொத சாப்பாடு."

மில்லே உருகிப் போச்சு! "ஐயோ, புள்ளைக்கா? நீங்க முன்னால போங்க தம்பி!" "வழி விடுங்கப்பா, பச்சப்புள்ள மாவு!" மூணு பேரும் வெலகி நின்னாங்க. நான் கல்யாண மாப்பிள்ள மாதிரி நடந்து முன்னால போனேன்.

அந்த மூணு பேரு அரிசியும் எனக்கு முன்னால ஓடியிருந்தா மெஷின் தானா சுத்தமாகியிருக்கும். அது அப்ப என் மண்டையில ஏறல.

மில்லுக்காரரு நல்ல மனுஷன். பக்கத்துல ஒரு வாளியில நொய்யரிசி வச்சிருப்பாரு. மொளகா அரைச்ச பொறவு அதுல ஒரு புடி அள்ளிப் போட்டு ஓட்டி, அந்த மாவ ஒதுக்கிட்டுத்தான் அடுத்தவங்களுத அரைப்பாரு. எல்லா மில்லுலயும் அதுதான் வழக்கம்.

கையில அரிசிய அள்ளிட்டு கேட்டாரு. "ஒரு புடி போட்டு ஓட்டிறவா தம்பி?"

வாளிய பாத்தேன். தூசியா இருந்துச்சு. வீடியோ அக்கா சொன்ன சுத்தம், சுகாதாரம் எல்லாம் காதுல மணியடிச்சுச்சு.

"வேணாங்க!" எல்லாருக்கும் கேக்குற மாதிரிதான் சொன்னேன். "இது கொழந்த சாப்பாடு. வெளி அரிசி ஒண்ணு கூட உள்ள போகக்கூடாது!"

"மொளகா ஓடுன மெஷினு தம்பி…"

"பரவாயில்லீங்க. சுத்தம்தான் முக்கியம்!"

அவரு அரிசிய வாளியிலேயே போட்டாரு. "ஒங்க இஷ்டம்."

மாவு வந்துச்சு. அடடா, என்னா நெறம்! லேசா செவந்து, அந்தி வானம் மாதிரி. சிவப்பரிசி, குரக்கன் ரெண்டோட மகிமைன்னு நெனச்சு பூரிச்சுப் போனேன்.

பைய தூக்கிட்டு, பஸ் ஏறி, எறங்கி, தோட்டத்து ரோட்ல நடந்து வந்தேன். எதிர்ல கொடையோட மிட்வைஃப் மிஸ். சிங்களவங்க. தமிழ் நல்லாவே பேசுவாங்க. வீடு வீடா புள்ளைங்கள பாத்துக்கிட்டு வந்தாங்க.

நான் பேசாம வந்திருக்கலாம். வாய் கேக்குமா?

"மிஸ்! இன்னைக்கு என் மகனுக்கு மொத சாப்பாடு! நானே என் கையால செஞ்ச மாவு! நீங்க கட்டாயம் வந்து பாக்கணும்!"

"அனே, அப்பா செஞ்சதா? ஹரி, வர்றேன்." அவங்க பாஷையில ஹரின்னா சரி.

வீட்டுக்கு வந்து நானே கஞ்சி காய்ச்சுனேன். யாரையும் அடுப்புப் பக்கம் விடல. மூக்கு அடைச்சது அடைச்சபடியே இருந்துச்சு. முன்னறையில சுகந்தி இருமுனா. சொன்னபடியே வந்து ஒக்காந்திருந்த மிஸ் இருமுனாங்க. கவின் கூட ஒரு தடவ தும்முனான்.

"என்னங்க, தாளிக்கிறீங்களா?"

"இல்ல சுகந்தி! அது சத்து வாசம்!"

வெள்ளிக் கிண்ணம், வெள்ளிக் கரண்டி. சுகந்தி புள்ளைய மடியில வச்சிக்கிட்டா. எங்கூட்டு நெலைமைக்கு அது ஒரு திருவிழாதான். செல்வி அக்காவும் வாசல்ல வந்து நின்னாங்க. இந்தத் தடவ வாளி இல்லாம.

நான் கரண்டிய கிண்ணத்துல விட்டேன். மிஸ் கைய நீட்டித் தடுத்தாங்க.

"கொஞ்சம் இருங்க. சூடு பாத்தீங்களா? மொதல்ல நீங்க ஒரு வாய் சாப்பிட்டு பாருங்க."

"ஓ, பாத்துட்டா போச்சு!" ஒரு கரண்டி நெறைய அள்ளி வாயில வச்சேன்.

மொதல்ல இனிப்பு. பொறவு பயறு மணம்.

அதுக்குப் பொறவு திருவிழா அன்னதானம் பூரா என் நாக்குல எறங்குச்சு!

காது ரெண்டும் சுட்டுச்சு. உச்சந்தலை வேர்த்துச்சு. கண்ணுல தாரை தாரையா தண்ணி.

"என்னங்க, ஏன் அழுவுறீங்க?"

உண்மைய சொல்லியிருக்கலாம். ஆனா மிஸ் பாக்குறாங்க. செல்வி அக்கா பாக்குறாங்க. டின்ன திருப்பிக் குடுக்கச் சொன்ன வாய் இது!

"ஒண்ணும் இல்ல சுகந்தி. மகன் மொத சாப்பாடு… சந்தோஷம்."

செல்வி அக்கா "பாவம், எவ்வளவு பாசம்"னு முந்தானையால கண்ண தொடச்சாங்க.

சுகந்தி கரண்டிக்கு கைய நீட்டுனா. "குடுங்க, ஊட்டுறேன்."

இது மட்டும் புள்ள வாய்க்குப் போச்சுன்னா!

"இரு இரு! உப்பு சரியா இருக்கான்னு பாக்குறேன்!" இன்னொரு கரண்டி சாப்பிட்டேன்.

"புள்ளைக்கு உப்பே போடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதான், இல்லையான்னு பாத்தேன்!" இன்னொரு கரண்டி.

"கட்டி இருக்கான்னு…" இன்னொண்ணு.

"அடியில ஒரு மாதிரி இருக்கு…" இன்னொண்ணு.

எனக்கு வேற வழி தெரியல மக்களே. கிண்ணம் காலியானாத்தான் புள்ள தப்பிக்கும், என் மானமும் தப்பிக்கும். மூச்சு விடாம அள்ளிப் போட்டேன். மூக்கு ஒழுகுது, கண்ணு ஒழுகுது, ஒதடு வீங்குது, நான் "பிரமாதம், பிரமாதம்"ங்குறேன்.

கிண்ணம் வழிச்சு நக்குன மாதிரி ஆயிருச்சு.

மிஸ் மெதுவா கேட்டாங்க. "அப்பாவுக்கு காலையில ஒண்ணும் குடுக்கலியா?"

சுகந்திக்கு மூஞ்சி சிவந்துருச்சு. "பரவாயில்ல மிஸ், மாவு நெறைய இருக்கு. நான் இன்னொரு கிண்ணம் காய்ச்சிட்டு வாறேன்."

இன்னொரு கிண்ணமா! என் வயிறு என்கிட்ட கையெடுத்துக் கும்பிட்டுச்சு.

"சுகந்தி, அந்த டின்னு எங்க?"

"எந்த டின்னு?"

"அதான், வெள்ளக்காரப் புள்ள டின்னு!"

"நீங்கதானே வாசப்படி தாண்டக்கூடாதுன்னீங்க. திருப்பிக் குடுத்துட்டேன்."

சொல்லிக்கிட்டே மாவுப் பையில விரல விட்டு நக்கிப் பாத்தா. அப்படியே நின்னா. பொறவு என்னைய பாத்தா. அந்தப் பார்வையிலயும் காரம் கொறவில்ல.

எல்லாத்தையும் ஒப்பிச்சேன். மில்லு, மூணு பேரு, ஒரு புடி அரிசி எல்லாம். செல்வி அக்கா சிரிச்சு சிரிச்சு வாசல்லயே குந்திட்டாங்க. வாளியக் கொண்டு வந்தாங்க. இப்ப அது எனக்கு.

நான் தலைய உள்ள விடாத கொறையா தண்ணி குடிச்சப்பதான் மிஸ் சொன்னாங்க. "அனே, எல்லாரும் இங்க பாருங்க."

எல்லாரும் திரும்பிப் பாத்தோம். கவின் என் வாயையே பாத்துக்கிட்டு இருந்தான். அவன் வாய் ஆன்னு தொறந்து கெடந்துச்சு. நான் அவ்வளவு நேரம் அள்ளி அள்ளி சாப்பிட்டத பாத்து, அய்யாவுக்கு ஆசை வந்துருச்சு! கைய நீட்டி கரண்டியப் புடிக்கப் பாக்குறான், காலி கிண்ணத்த பாத்து கத்துறான்.

"சீக்கிரம்! வீட்ல என்ன இருக்கு?"ன்னாங்க மிஸ்.

"சோறு, பருப்பு, அவிச்ச உருளைக்கெழங்கு இருக்கு மிஸ். மொளகா போடல, இனிமேதான் தாளிக்கணும்"ன்னா சுகந்தி.

"அது போதுமே. மசிச்சுக் குடுங்க. இதத்தான் நான் க்ளினிக்ல எல்லாருக்கும் சொன்னேன். அப்பா அன்னைக்கு வரலியா?"

வந்தேன். க்ளினிக் வாசல்ல நின்னு, யாருன்னே தெரியாத ஒரு அண்ணனுக்கு டின்னு மாவோட கெடுதிய வெளக்கிக்கிட்டு இருந்தேன்.

சுகந்தி வேற கரண்டி எடுத்து, நல்லா மசிச்சு, கொஞ்சமா எடுத்து அவன் ஒதட்டுல வச்சா. நாக்க நீட்டுனான். பாதி வெளிய வந்துச்சு. மீதி உள்ள போச்சு. முழுங்குனான். திரும்பவும் வாயத் தொறந்தான்!

என் கண்ணுல பொலபொலன்னு தண்ணி. இந்தத் தடவ நெசமாவே சந்தோஷம்தான். ஆனா யாரும் நம்பல.

திங்கக்கிழமை சுகந்தி நிம்மதியா வேலைக்குப் போனா. அந்த மாவ அவ வீணாக்கல. கோதும மாவோட பெசைஞ்சு தெனமும் எனக்கு ரொட்டி சுட்டுக் குடுத்தா. காலையிலயும் அதுதான், ராத்திரியும் அதுதான். தொட்டுக்க மொளகா சம்பல் தேவையே இல்ல.

அடுத்த மாசம் க்ளினிக் போனோம். மிஸ் கவினத் தராசுல வச்சுப் பாத்தாங்க. "ஹரி, பபா நல்லா எடை கூடியிருக்கு."

பொறவு என்னைய மேலயும் கீழயும் பாத்தாங்க.

"அப்பாவும்தான்."