மல்லாட்டைக் கொல்லையில் கதர்ச் சேலைகள்

ஒரு கூட்டத்தில் எப்படியாவது ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று தவிப்பவர்களை நான் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். அவர்கள் எல்லோருக்கும் முன்னால் சிரித்துவிடுவார்கள். எதற்குச் சிரித்தோம் என்று அப்புறம்தான் யோசிப்பார்கள். யுத்த காலத்தில், சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரி விடுதியில், நான் அப்படித்தான் ஒரு பருவம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்த விடுதியில் சகோதரிகள் சங்கம் என்று ஒன்று இருந்தது. பெரிய வகுப்புப் பெண்கள் பார்த்துப் பொறுக்கித்தான் ஆள் சேர்ப்பார்கள். சேர்ந்தவர்களுக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னலோர மேஜை, நாடகத்தில் வேஷம், மாலையில் பூப்பந்து. சேராதவர்களுக்குச் சுவரைப் பார்த்த மேஜை. அதில் நான் ஒருத்திதான் உட்கார்ந்து சாப்பிட்டேன். (சுவரில் ஒரு பல்லி இருந்தது. அதுவும் சில நாள் வராது.) பார்க்க வந்த அப்பா என் முகத்தைக் கவனித்துவிட்டு, "தசரா லீவு முடிஞ்சும் மூஞ்சி இப்படியேதான் இருக்கும்னா படிச்சது போதும். செஞ்சி மாப்பிள்ளை வூட்ல கேட்டுக்கினேதான் இருக்காங்க" என்றார். செஞ்சி மாப்பிள்ளையை நான் பார்த்திருந்தேன். சங்கத்தில் சேர்ந்தே தீருவது என்று முடிவு கட்டினேன்.

அந்த வருஷம் ஓர் இடம்தான் காலி. சங்கத்துப் பெண்கள் கதர்தான் கட்டுவார்கள், நகை போட மாட்டார்கள். நானும் விடுதியில் கதருக்கு மாறினேன். தக்ளியில் நூல் நூற்றேன். நூற்றதைவிட அறுத்தது அதிகம். பூப்பந்து பழகினேன், வார்டன் அம்மாளின் மூக்குக்கண்ணாடியோடு அந்தப் பயிற்சி முடிந்தது. கடைசியாக, சங்கத்தின் செயலாளர் சுலோசனா அக்காவிடம் போய், "லீவில் திண்டிவனத்துக்கு வாங்க அக்கா, பெருமுக்கல் மலை பார்க்கலாம். எங்களுக்குத் தோட்டம் துரவு எல்லாம் உண்டு" என்று அளந்தேன். (தோட்டம் என்றது நாலு காணி மல்லாட்டைக் கொல்லை. மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை.) அவர் ஒரு ஜட்ஜின் மகள். "கிராமத்தை நேரில் பார்க்கணும்னு எங்களுக்கும் ஆசைதான்" என்று சொல்லி, இன்னும் இரண்டு பேரோடு வருவதாக ஒப்புக்கொண்டார்.

விழுப்புரத்தில் ரயில்வே குமாஸ்தாவுக்கு வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்கா ராஜாமணியிடம் யோசனை கேட்டேன். "கதரெல்லாம் மேலுக்குத்தாண்டி. நாக்கு எல்லாருக்கும் ஒரே நாக்குதான். ஜங்ஷன்ல துரைங்க சாப்புடுற கேக்கு இருக்குது. மாமாகிட்ட சொல்லி வாங்கி வைக்கிறேன், வந்து எடுத்துக்கினு போ" என்றாள்.

அவர்கள் வர வேண்டியது மாலை ரயிலில். அன்று காலை நான் விழுப்புரத்துக்குக் கிளம்பும்போது கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அறுவடை என்றால் எங்கள் வீட்டில் அலமேலு பெரியம்மா வைத்ததுதான் சட்டம். அப்பாவே அவளிடம் கேட்டுக்கொண்டுதான் கொல்லையில் கால் வைப்பார்.

"மூணு ஆள் கொறையுது தனம். போற வழியில யாராவது கெடைச்சா அனுப்பு" என்றாள்.

"சாயங்காலம் மெட்ராஸ்லேர்ந்து பெரிய எடத்துப் பொண்ணுங்க வர்றாங்க பெரியம்மா."

"வரட்டும். பட்டுப் பொடவ கட்டிக்கினு வர்றவங்க கொல்லைக்கா வரப் போறாங்க? நீ ஆளுக்கு வழியப் பாரு."

கேக் கிடைத்தது. திரும்பி வரத்தான் வழியில்லை. அப்போது பெட்ரோலுக்குப் பஞ்சம். பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி ஓட்டுவார்கள். விக்கிரவாண்டி தாண்டியதும் அடுப்பு அணைந்தது. இறங்கித் தள்ளினோம், ஏறினோம், மறுபடி இறங்கினோம். அந்தப் பஸ்ஸைத் திண்டிவனம் கொண்டுவந்து சேர்த்தது நாங்கள்தான்.

இதற்குள் அந்த மூன்று பேரும் காலை ரயிலிலேயே வந்து இறங்கியிருக்கிறார்கள். வீடு பூட்டியிருந்தது. எதிர் வீட்டார் கொல்லையைக் காட்டியிருக்கிறார்கள். வரப்பில் நின்று சுலோசனா அக்கா கைகூப்பி, "தனம் சொல்லித்தான் வந்தோம்" என்றாராம்.

பெரியம்மா மேலும் கீழும் பார்த்தாள். முரட்டுச் சேலை. காதில் மூக்கில் ஒன்றுமில்லை. கழுத்து மூளி. எங்கள் பக்கம் கஞ்சிக்கு இல்லாதவள்கூட ஒரு பித்தளைத் தோடாவது போட்டிருப்பாள். எந்தப் பஞ்சத்தில் அடிபட்டு வந்ததுகளோ என்று அவளுக்கு மனசு இளகிவிட்டது. அதற்காக வேலையில் சலுகை கிடையாது.

"இவ்ளோ நேரம் கழிச்சா வர்றது? ஜல்தி அந்தச் சால்ல குனிங்க. செடிய வேரோட புடுங்கணும், காய் மண்ணுல நிக்கக் கூடாது."

அவர்கள் இதை நான் போட்டு வைத்த நிகழ்ச்சி என்று நினைத்துவிட்டார்கள். குனிந்தார்கள். நடுப்பகலில் மற்ற பெண்களோடு கேப்பைக் கூழ் குடித்தார்கள். "தனம் எவ்வளவு அருமையா ஏற்பாடு செஞ்சிருக்கா" என்று சுலோசனா அக்கா சொன்னாராம். (அப்போதே அவர்கள் ரயிலேறிப் போயிருந்தால் இடம் எனக்குத்தான்.)

எங்கள் கொல்லையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்யும்போது பச்சை மல்லாட்டையை வயிறு கொள்கிற மட்டும் தின்னலாம். வெளியே ஒரு காய் போகக் கூடாது. பொழுது சாய்ந்ததும் பெரியம்மா வரப்பில் நின்று முதலில் தன் மடியை உதறிக் காட்டுவாள். பிறகு ஒவ்வொருத்தியாக உதறிவிட்டுக் கூலி வாங்கிப் போக வேண்டும். நான் கேக் டப்பாவோடு ஓடி வந்தபோது வரிசையில் சுலோசனா அக்காவின் முறை.

"மடிய ஒதறும்மா."

"இல்ல, இது வந்து... விடுதியில எல்லாருக்கும் காட்டறதுக்கு..."

"தின்னது ஒன் வயித்துக்கு. எடுத்துக்கினு போறது திருட்டு. ஒதறு."

உதறினார். இரண்டு கை மல்லாட்டை வரப்பில் கொட்டியது. "பெரியம்மா, அவங்க ஜட்ஜய்யா பொண்ணு" என்று ஒருவழியாகச் சொன்னேன்.

பெரியம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஜட்ஜு பொண்ணா? அப்ப தெரிஞ்சேதான் எடுத்தியா?"

அதோடு விட்டாளா? படியால் கூலி அளந்தாள். மற்ற இரண்டு பேருக்கும் முழுக் கூலி. சுலோசனா அக்காவுக்குக் குறைத்துவிட்டாள். "நீ புடுங்கின சால்ல பாதி காய் மண்ணுலயே நிக்குது." வீட்டுக்கு வந்து கேக்கைத் திறந்தேன். மேலெல்லாம் பஸ்ஸின் கரி. பெரியம்மா எட்டிப் பார்த்து, "அடி புடிச்சிப் போச்சா?" என்று அனுதாபப்பட்டாள். யாரும் தொடவில்லை.

லீவு முடிந்து சங்கம் கூடியது. மறுநாள் சுலோசனா அக்கா என் சுவரோர மேஜைக்கே வந்தார். "ஏகமனதா முடிவு பண்ணிட்டோம், தனம்" என்றார். நான் அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டேன். "அந்த இடத்தை உங்க பெரியம்மாவுக்குக் கொடுத்திருக்கோம். கௌரவ உறுப்பினர்."

"நான்?"

"கேக் வாங்கப் போனவளைக் கதர்ச் சங்கத்துல எப்படிம்மா சேர்க்கறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் போய்விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "உங்க பெரியம்மா வீட்டிலும் அப்படித்தானா?" என்று கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். அந்த வாரமே ஜன்னலோர மேஜையில் பாதி காலி. அந்தப் பாதிப் பேர் என் மேஜையில் பெரியம்மா கதை கேட்டுக்கொண்டிருந்தார்கள். பொங்கலுக்கு ஊர் போனபோது அப்பா என் முகத்தைப் பார்த்தார். செஞ்சிப் பேச்சு எடுக்கவில்லை. சங்கத்தில் சேராமலேயே பி.ஏ. முடித்தேன்.

இந்த வருஷம் என் மகள் அதே கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். சங்கம் இன்னும் இருக்கிறதாம். போன வாரம் திண்டிவனம் வந்திருந்தபோது, "அதுல எடம் கிடைக்க என்னம்மா செய்யணும்?" என்று கேட்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டு நான் வாயைத் திறந்தேன்.

உள்ளேயிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. "அவள ஏன் கேக்கற? அவளத்தான் சேத்துக்கலயே. இங்க வா, நான் சொல்றேன்."