கோழி செட்டில் பந்துவீச்சு

மணி ஆறானதும் மூன்று பையன்களும் பந்தை மோகன்குமார் கையில் கொடுத்துவிட்டு பைக்கைக் கிளப்பினார்கள்.

"இன்னும் ரெண்டு ஓவர் போடலாமே சாமி?"

"ஊட்ல தேடுவாங்கண்ணா," என்றான் ஜீவா. மூவரில் அவன்தான் வேகம்.

அவர்கள் ஆடிய இடம், கோழிகளை விற்றபின் காலியாகக் கிடந்த பண்ணைச் செட். சுற்றிலும் கம்பிவலை. பந்து எங்கேயும் ஓடாது. பந்து போடுகிறவர்கள்தான் ஓடினார்கள். மகனின் படிப்புக்காக மனைவி கோவையில் வீடெடுத்துப் போனதிலிருந்து, மோகன்குமாரின் மாடி வீட்டில் சத்தம் போடுவது மிக்சி மட்டும்தான். தம்மம்பட்டிக் கோப்பைக்கு அணி சேர்ப்பதாக அவர் சொல்லித்தான் பையன்கள் வந்தார்கள்.

மறுநாள் கறிக்குழம்பு வைத்து, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

"போசி குடுங்கண்ணா, ஊட்ல போய்ச் சாப்பிட்டுக்கறோம்."

குழம்போடு மூன்று போசிப் பாத்திரங்களும் போயின.

சின்னப் பையன்களை நம்பி அணி கட்ட முடியாது என்று முடிவெடுத்தார். ஒரு காலத்தில் மேட்டூர்ப் பக்கம் ஸ்டம்பை உடைத்துப் பேர் வாங்கிய பழைய பந்துவீச்சாளர் சென்னிமலையை அழைத்தார். தங்குவதற்கு மாடி அறை, தினமும் நாட்டுக்கோழிச் சாறு, தோளுக்கு எண்ணெய் எல்லாம் போனிலேயே பேசி முடித்த சென்னிமலை, வரும்போது சொந்தத் தலையணையோடு வந்து இறங்கினார்.

முதல் நாளே நாற்காலி போட்டு அமர்ந்து, ஜீவாவின் ஒவ்வொரு பந்துக்கும் "நோ பாலு!" என்றார்.

"நீங்க ஒண்ணு போட்டுக் காட்டுங்க பார்ப்போம்," என்றான் ஜீவா.

"தோளு இன்னும் எண்ணெ குடிக்கோணும் சாமி."

"பந்து போடறது நாங்க, நாட்டுக்கோழி அவருக்கா?" ஜீவா ஐந்து மணிக்கே பைக்கை உதைத்தான். மற்ற இருவரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள்.

மோகன்குமார் ஓடிப்போய் வழிமறித்தார். "உங்களுக்கும் சாறு வெக்கறேன் சாமி."

"சாறெல்லாம் வேண்டாங்கண்ணா. மேட்ச் எப்பன்னு சொல்லுங்க, வாரோம்."

மோகன்குமார் வழியை விட்டு ஒதுங்கினார். பைக் போய்விட்டது.

அணியில் மிஞ்சியது தூக்க முடியாத ஒரு தோள். அதுவும் மேட்டூர் பஸ் ஏறிவிட்டால்? சாற்றை ஊற்றியபடி மெல்ல ஆரம்பித்தார்.

"ஏனுங்கண்ணா, கோப்பைய அடுத்த மாசத்துக்குத் தள்ளி வெச்சுட்டாங்களாம். அதுவரைக்கும் இருப்பீங்கல்ல?"

சென்னிமலை எலும்பை நிதானமாக உறிஞ்சி, தட்டோரம் வைத்தார்.

"அந்தக் கோப்பைய நிறுத்தி ரெண்டு வருசமாச்சுன்னு நீங்க கூப்பிடறப்பவே தெரியுமுங்க. எங்க ஊட்லயும் ஆரும் இல்லீங்க சாமி."