பிள்ளையாரோடு பிரெஞ்சு பேசிய பொஞ்சூர் அக்கா

கடவுளுக்கே பிரெஞ்சு படிப்பித்த ஒருவர் இந்த ரொறொன்ரோவில் இருக்கிறார் என்றால், அது எங்கள் பொஞ்சூர் அக்காதான். அஜின்கோர்ட்டில் எங்கள் அப்பார்ட்மென்ற்றில் எனக்கு மேல்மாடி. சொந்தப் பெயர் எல்லாருக்கும் மறந்துவிட்டது. லிஃப்ற்றுக்குள் ஏறினால் கிழவர், குழந்தை, நாய்க்குட்டி என்று பாராமல் எல்லாருக்கும் ஒரு 'பொஞ்சூர்' சொல்லித்தான் இறங்குவார். பிரெஞ்சில் வணக்கம் அதுதானாம்.

ஐம்பது வயதுக்குப் பிறகு படிக்கப் போன மனுஷி. முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டே கொலிஜ் முடித்தார். அதோடு விட்டிருக்கலாம். யூனிவர்சிற்றிக்கு மாறிப் பட்டம் எடுக்க வேண்டும் என்று ஒரே பிடி. இடமும் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. ஆங்கிலம் தவிர இன்னொரு மொழி பேச வரும் என்று சோதனையில் காட்ட வேண்டும். தவறினால் இடம் போய்விடும்.

"அதுக்கென்ன அக்கா, தமிழ் இருக்குத்தானே?" என்றேன்.

"அதைத்தான் நானும் சொன்னனான். தமிழிலை சோதிக்க அங்கை ஆளில்லையாம். பிரெஞ்செண்டால் ஆள் இருக்காம்."

வகுப்புக்குப் போனார். ஆனால் யாரோடு பேசிப் பழகுவது? வீட்டில் தனி ஆள். நானோ எட்டாம் வகுப்போடு நின்றவள். பிழை விட்டாலும் சிரிக்காத ஆள் வேண்டும் என்று யோசித்து, கடைசியில் பிள்ளையாரைப் பிடித்தார். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் எனக்குப் பக்கத்தில் கைகூப்பி நின்று, காலையில் வைத்த கறியிலிருந்து பஸ் பிந்தியது வரை பிரெஞ்சில் ஒப்புவிப்பார். அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்ட ஐயருக்கும் பிரெஞ்சில்தான் பதில்.

"எனக்கு விளங்கேல்லை அம்மா."

"உங்களுக்கு விளங்கத் தேவையில்லை ஐயா. அவருக்கு விளங்கும்."

ஐயர் ஒருமுறை மூலஸ்தானத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு மணியை எடுத்தார்.

எனக்கு உள்ளூரப் பயம். சாமிக்கு முன்னால் இப்படிச் செய்யலாமோ என்று கேட்டேன். "அவ்வளவு பெரிய காது பிறகென்னத்துக்கு?" என்றார். தோப்புக்கரணம் போடும்போதும் வினைச்சொற்களைத்தான் பாடமாக்குவார்.

பின்னால் நின்ற அங்கிள் பொறுமை இழந்து, "இன்னும் முடியேல்லையோ பிள்ளை?" என்பார்.

"இறந்தகாலம் முடிஞ்சுது அங்கிள். எதிர்காலம்தான் கிடக்கு."

சோதனை நாளன்று என் காரில்தான் போனோம். யூனிவர்சிற்றிப் படிக்கட்டில் நின்று, கைப்பைக்குள் இருந்து ஒரு தேங்காயை எடுத்தார். நான் தடுக்கவில்லை. தடுப்பேனா? நல்ல காரியத்துக்குத் தேங்காய் உடைக்காமல் போவது எப்படி? ஓங்கி அடித்தார் பாருங்கள், சில்லெல்லாம் கண்ணாடிக் கதவு வரை பறந்தது. செக்கியூரிற்றிக்காரன் ஓடிவந்தான். ஒரு சில்லும் கிடக்கக் கூடாது என்று முகம் சிவக்கக் கத்தினான். இரண்டு பேரும் குனிந்து பொறுக்கினோம். தேங்காய்த் தண்ணீரில் அக்காவின் சேலை நனைந்தது. சோதனை நேரமும் கடந்துவிட்டது.

"எல்லாம் போச்சுது தங்கச்சி" என்றார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"நீங்கள் உள்ளுக்குப் போங்கோ அக்கா. மிச்சத்தை நான் பொறுக்கிறன்."

பொறுக்கிய சில்லுகளை மடியில் வைத்துக்கொண்டு, 'அப்பனே, நீதான் துணை' என்று காருக்குள் இருந்தேன். திரும்பி வந்த அக்கா கதவைத் திறக்கும்போதே சிரித்தார்.

சோதித்த அம்மா முதலில் கேட்டது, ஏன் பிந்தி வந்தாய் என்றுதானாம். பாடமாக்கியதெல்லாம் பயத்தில் பறந்துவிட, வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்குச் சொல்வதுபோல் நடந்ததை நடந்தபடி சொன்னாராம். தேங்காய், செக்கியூரிற்றி, வெளியில் சில்லுப் பொறுக்கும் நான், ஒன்றும் விடவில்லை. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாராம். யாரோடு பேசிப் பழகினாய் என்று கடைசியாகக் கேட்டாராம்.

"என்ன சொன்னனீங்கள்?"

"வெள்ளிக்கிழமையிலை ஒருத்தரைச் சந்திக்கிறனான், குறுக்கை ஒரு கதை கதைக்க மாட்டார் எண்டன்."

சோதனை பாஸ்.

இப்போது அக்காவுக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் வகுப்பு. கோயிலுக்கு நான் தனியத்தான் போகிறேன். பக்கத்தில் சத்தமில்லை. போன கிழமை கும்பிட்டு முடித்து, ஐயர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம், பிள்ளையாருக்கு மெல்ல ஒரு 'பொஞ்சூர்' சொன்னேன். அக்காவின் குரலைக் கேளாமல் எனக்கே இப்படி இருந்தால், பாவம், அவருக்கு எப்படி இருக்கும்?