விரால் தலையும் துபாய் லைட்டும்

பொறாமை வந்தால் சிலருக்குத் தூக்கம் போகும், சிலருக்குப் பசி போகும். எனக்குப் புத்தி போகும். (முதலில் அது இருந்ததா என்று என் மனைவி வசந்தி கேட்பாள். கேட்கட்டும்.)

என் மாமனார் வீடு அலங்காநல்லூர்ப் பக்கம், தோட்டத்திலேயே இருக்கிறது. ஆறு வருடம் அங்கே நான் ஒரே மாப்பிள்ளை. எப்போது போனாலும் விரால் மீன் குழம்பு. "தலை மாப்பிள்ளைக்கு" என்று சொல்லிக்கொண்டே அத்தை மீன் தலையை என் இலையில் வைப்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே விளாங்குடியிலிருந்து மாதம் ஒருமுறை பஸ் ஏறினேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

பிறகு வசந்தியின் தங்கைக்குக் கல்யாணமாகி, செல்வம் என்றொரு சகலை வந்து சேர்ந்தான். தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை. நல்ல உயரம். தலையில் முடி வேறு. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கு குளிக்கும் நண்பர் கொடுத்ததாக, தண்ணீருக்குள் எரியும் டார்ச் ஒன்றைக் கொண்டுவந்தான். கட்டைவிரல் தடிமன்தான் இருக்கும். அதை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, ஈட்டியோடு மாமாவின் கிணற்றில் குதித்தான். கிணற்றடியில் கல் இடுக்குகள் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. விரால்கள் அங்கேதான் குடியிருந்தன. இரண்டே முங்கலில் முழங்கை நீள விராலோடு மேலே வந்துவிட்டான்.

"பிடிச்ச மாப்ள சாப்பிடட்டும்" என்று அத்தை தலையை அவன் இலையில் வைத்தார். எனக்கு வால் துண்டு. வால்!

"ஏங்க, மூஞ்சிய ஏன் இப்பிடி வச்சிருக்கீங்க?" என்றாள் வசந்தி.

"முள்ளு" என்றேன்.

விளாங்குடியில் எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவன் நான். எத்தனை வீட்டுக்கு வெளிச்சம் கொடுத்தவன்! என்னிடமே ஒருத்தன் லைட்டைக் காட்டித் தலையைத் தட்டிப் பறிப்பதா? நானும் ஒரு லைட் வாங்கப்போகிறேன் என்று அவனிடம் சொன்னேன்.

"அண்ணே, ரொம்பப் பெருசா வாங்கிறாதீங்க" என்றான் செல்வம். "கலங்கல் தண்ணியில வெளிச்சம் அகலமாப் போனா ஒண்ணுமே தெரியாது. ஒடுக்கமா, நேராப் போற லைட்டாப் பாருங்க."

பயல் பயப்படுகிறான் என்று முடிவு கட்டினேன். துபாயிலிருந்து ஊருக்கு வர இருந்த நண்பனுக்குப் போன் போட்டு, "இருக்கிறதுலயே பெருசு, இருக்கிறதுலயே வெளிச்சம், அம்புட்டுத்தான்" என்றேன். வாங்கி வந்தான். சொம்பு அளவுக்கு இருந்தது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டு எரிய வைத்துப் பார்த்தேன். அடியில் கிடந்த துருவைக்கூட எண்ணலாம் போலிருந்தது.

"குடிக்கிற தண்ணிங்க அது!" என்று வசந்தி என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

அடுத்த மாதம் போனபோது மழை பெய்து ஓய்ந்து, கிணற்றுத் தண்ணீர் டீ நிறத்தில் கிடந்தது. நான் அசரவில்லை. அத்தையிடம், "புளியை ஊற வைங்க, மீனோட வாரேன்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். செல்வம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கையமர்த்திவிட்டு, லைட்டும் ஈட்டியுமாகக் குதித்தேன்.

உள்ளே போய் லைட்டைப் போட்டதும் எதிரே ஒரு வெள்ளைச் சுவர். மார்கழிப் பனியில் வண்டியின் ஹெட்லைட்டை உயர்த்திப் போட்டால் ரோடே மறையுமே, அதே கதை. தண்ணீரிலிருந்த அத்தனை மண்துகளும் என் வெளிச்சத்தை வாங்கி என் கண்ணிலேயே அடித்தன. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், ஓரமாக ஏதோ கறுப்பாக, தொடை தடிமனில், லேசாக நடுங்கிக்கொண்டு நின்றது. அடேயப்பா, கிணற்றுக்கே தாத்தா விரால்! கையிலிருந்த பலத்தையெல்லாம் கொடுத்து ஈட்டியைச் சொருகினேன். ஆழமாக இறங்கியது. இழுத்தேன். கனத்தது. விடுவேனா? படியில் காலை ஊன்றி, தம் கட்டி, தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டேன்.

"அத்தை, சட்டியை அடுப்புல ஏத்துங்க!" என்று கத்தினேன்.

ஈட்டி முனையில் 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம். மேலே மோட்டார் வெறும் காற்றை இழுத்துக் கதறியது. வயலில் தண்ணீர் நின்றுபோய், மாமா மண்வெட்டியோடு ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

"ஐயோ மாப்ள! அது என் மோட்டாரு ஹோஸு மாப்ள!"

நான் குதித்த பிறகு கரண்ட் வந்திருக்கிறது. அவர் மோட்டாரைப் போட்டிருக்கிறார். தண்ணீரை உறிஞ்சும் ஹோஸ் நடுங்கியிருக்கிறது. மும்முனைக் கரண்ட் இருக்கிற கொஞ்ச நேரத்தில் நெல்லுக்குப் பாயவேண்டிய தண்ணீர் என்னால் நின்றது. மாமா என்னைத் திட்டவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஹோஸில் சிக்கிய ஈட்டியைப் பிடுங்க என்னால் முடியவில்லை. செல்வம்தான் இறங்கிப் பிடுங்கினான். பிடுங்கியவன் சும்மா மேலே வரக்கூடாதா? அந்தக் கட்டைவிரல் டார்ச்சோடு ஒரு முங்கு முங்கி, ஒரு விராலையும் குத்திக்கொண்டு வந்தான். அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்த எரிச்சலில் அத்தைக்கு விறகே தேவைப்பட்டிருக்காது.

சாப்பாட்டில் அத்தை தலையை எடுத்து அவன் இலைக்குக் கொண்டுபோனார். அவன் இரண்டு கையாலும் இலையை மறைத்தான்.

"வேணாம் அத்தை. எனக்குத் தலையே ஆகாது. அன்னைக்கும் மருவாதிக்காகத்தான் கண்ணை மூடிக்கிட்டுத் தின்னேன். அண்ணனுக்கு வைங்க."

என் இலைக்கே தலை வந்தது. தின்றேன். வாழ்நாளில் அவ்வளவு சப்பென்று ஒரு தலையைத் தின்றதில்லை.

இன்றுவரை அந்த வீட்டில் குழாயில் தண்ணீர் நின்றால் யாரும் மோட்டாரைப் போய்ப் பார்ப்பதில்லை. முதலில் எனக்குத்தான் போன் வருகிறது. "அண்ணே, இப்ப நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்பான் செல்வம். பின்னால் வீடே சிரிக்கும். விசேஷ வீடுகளில் இந்தக் கதையை அவன்தான் சொல்கிறான். 'புஸ்ஸ்' சத்தத்தை அவன் போடும்போது எனக்கே சிரிப்பு வந்துவிடும். என்னைவிட அவன் நன்றாகச் சொல்கிறான், பாவிப்பயல். அதுதான் இன்னும் தாங்கமுடியவில்லை.